திடலில் இல்லாதவர்களுக்காக ஆடியவர்கள்: உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஞாயிறு காலைகளில், பத்து வயது முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வாகனங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, தூணுக்குத் தூண் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டி, பழைய ஆட்டம் ஒன்றை முழுதாகப் போடுவோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாதிக் கதையைச் சொல்வார்கள். மீதிக் கதையைக் கேட்டு அம்மாமாரும் அப்பாமாரும் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உதைபந்தாட்டம் பார்த்தே பழக்கமில்லாத ஒருவருக்கு முதலில் எந்த ஆட்டத்தைக் காட்டுவீர்கள்?

2012 ஆபிரிக்கக் கிண்ண இறுதிப்போட்டி. சாம்பியாவும் ஐவரி கோஸ்டும் ஆடியது. ஆனால் ஆட்டத்தைப் போடமுன் பத்து நிமிடம் கதை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கோலே விழாத ஓர் ஆட்டத்தைப் பார்த்துப் பெரியவர்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு விளங்காது.

1993 ஏப்ரல் 27. உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் ஒன்றுக்காக சாம்பியா அணி இராணுவ விமானத்தில் செனகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எரிபொருள் நிரப்புவதற்காக காபோன் நாட்டின் லிப்ரவில் நகரில் இறங்கிய விமானம், மறுபடி கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 30 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களில் 18 பேர் வீரர்கள். அணியின் பெரிய நட்சத்திரம் கலுஷா புவாலியா அப்போது நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்தபடியால் அந்த விமானத்தில் ஏறவில்லை. ஒரு நாட்டின் அணியே ஒரே இரவில் இல்லாமல் போனது.

பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு ஆபிரிக்கக் கிண்ணத்தின் இறுதிப்போட்டி நடந்த ஊர் அதே லிப்ரவில். சாம்பியா அவ்வளவு தூரம் வரும் என்று ஒருவரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னர் வீரர்கள் கடற்கரைக்குப் போய் அந்தத் தண்ணீரில் பூ வைத்தார்கள். விபத்து நடந்தபோது அவர்களில் பலர் கைக்குழந்தைகள், சிறு பிள்ளைகள். கலுஷா இப்போது சாம்பியா உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராக அங்கே இருந்தார்.

எதிரணியில் ட்ரோக்பா, யாயா டூரே, ஜெர்வினோ. அந்தச் சுற்றுப்போட்டி முழுவதும் ஒரு கோல்கூட வாங்காத அணி. ட்ரோக்பாவுக்கு 70ஆவது நிமிடத்தில் பெனல்டி ஒன்று கிடைத்தது, பந்து கம்பத்துக்கு மேலால் போனது. மேலதிக நேரத்திலும் கோல் இல்லை. பெனல்டி உதைகள் ஒவ்வொன்றாகப் போகப் போக, சாம்பியா வீரர்கள் நடுக்கோட்டில் முழந்தாளிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டை மட்டும் நான் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். கடைசியில் சாம்பியாவின் சுன்சு அடித்தார், 8-7.

பிள்ளைகள் நிறுத்தச் சொல்லிக் கேட்பது அதற்குப் பிறகு வரும் இடத்தைத்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஜோசப் முசொண்டா என்ற பின்களவீரர் உபாதையோடு அழுதபடி வெளியேறியிருந்தார். வென்றதும் பயிற்றுவிப்பாளர் எர்வே ரெனார் அவரை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் ஆடிப்பாடும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். “சேர், ஏன் அவரைச் சின்னப் பிள்ளை மாதிரித் தூக்கிட்டுப் போறார்?” என்று முன்வரிசையில் இருந்த ஒரு மகள் கேட்டாள். நான் பதில் சொல்ல முதல் பக்கத்தில் இருந்த அவளுடைய அண்ணன் சொன்னான்: “அவரால நடக்க ஏலாதுதானே. விட்டுட்டு எப்பிடிப் போறது?”

திடலில் நிற்க முடியாமல் போன ஒருவருக்காக மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் நான் இந்த ஆட்டங்களைத் தேடிப் பிடிக்கிறேன். கீழே உள்ள பதில்களிலும் அதையே காண்பீர்கள்.

எரிக்சன் விழுந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் அவர் விழும் காட்சியை நான் போடுவதில்லை. வட்டத்திலிருந்து தொடங்குவேன்.

2021 ஜூன் 12, கொப்பன்ஹேகன். ஐரோப்பியக் கிண்ணத்தில் டென்மார்க்கும் பின்லாந்தும். இங்கே பயணக் கட்டுப்பாட்டுக் காலம், எல்லோரும் வீட்டுக்குள். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கிய ஆட்டத்தை நாங்கள் குடும்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளைக்குச் சற்று முன், பக்கத்தில் எவருமே இல்லாதபோது டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மத்தியஸ்தர் அந்தொனி டெய்லர் ஒரு கணமும் தாமதிக்காமல் ஊதி மருத்துவர்களைக் கூப்பிட்டார். அணித் தலைவர் சிமோன் கியர் ஓடிவந்தார். பிறகு தோழர்களைக் கூட்டி எரிக்சனைச் சுற்றி வட்டமாக நிற்க வைத்தார்.

அந்த வட்டத்தைப் பிள்ளைகளுக்கு நிறுத்திக் காட்டுவேன். பலர் முதுகை உள்ளே திருப்பி, முகத்தை வெளியே திருப்பி நிற்கிறார்கள். அழுகிறார்கள், அழுகையை மறைக்கவும் இல்லை. ஆனால் நகரவில்லை. தங்கள் தோழனின் உடல் கமராவுக்குக் காட்சிப்பொருளாகக் கூடாது என்று மனிதச் சுவராக நிற்கிறார்கள். கியர் இடையில் அதைவிட்டு விலகி, கீழே ஓடிவந்த எரிக்சனின் துணைவியை அணைத்துக்கொண்டார். பிறகு அரங்கில் பின்லாந்து இரசிகர்கள் “கிறிஸ்டியன்” என்று கத்த, டென்மார்க் இரசிகர்கள் “எரிக்சன்” என்று பதில் கொடுத்தார்கள். எதிரணி இரசிகர்கள் தொடங்கிக் கொடுத்த கோஷம் அது.

நெஞ்சை அழுத்தி, கருவியால் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்ததில் இதயம் திரும்பத் துடித்தது. அதனால்தான் இந்தக் காட்சி முடிந்ததும் தலையணைகளைப் போட்டு நாங்களும் பழகுவோம். நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை. ஒருவர் அழுத்த, இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைப்பது போல நடிக்க, மற்றவர்கள் வட்டமாக நிற்க வேண்டும். வட்டத்தில் நிற்கும் வேலைக்குத்தான் சின்னப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

எரிக்சன் உடலுக்குள் இதயக் கருவி பொருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2024 ஜூன் 16ஆம் திகதி ஸ்டுட்கார்ட்டில், அடுத்த ஐரோப்பியக் கிண்ணத்தில் டென்மார்க்கின் முதல் ஆட்டத்தில், ஸ்லோவேனியாவுக்கு எதிராக நெஞ்சில் பந்தை வாங்கி அடித்த கோல் இருக்கிறதே, அதைப் போடாமல் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

போர் நடந்த நாட்டு அணிகளில் மனதில் நிற்பது எது?

ஈராக், 2007 ஆசியக் கிண்ணம்.

சொந்த நாட்டில் ஆட முடியாத அணி அது. குர்தியர், சுன்னி, ஷியா என மூன்று தரப்பையும் சேர்ந்த வீரர்கள் ஒரே சட்டை போட்டிருந்தார்கள். வெளியில் அந்தத் தரப்புகளின் பெயரால் ஆட்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலை 25 கோலாலம்பூரில் தென்கொரியாவை அரையிறுதியில் பெனல்டியில் வென்றார்கள். பக்தாத் தெருவெல்லாம் சனம். அந்தச் சனத்துக்குள் கார்க்குண்டுகள் வெடித்தன. ஐம்பது பேரளவில் செத்தார்கள். வெற்றியைக் கொண்டாடத் தெருவுக்கு வந்ததுதான் அவர்கள் செய்தது.

இனி ஆடத்தான் வேண்டுமா என்று வீரர்கள் யோசித்தார்கள். அப்போது தொலைக்காட்சியில் ஒரு தாயைக் கண்டார்கள். மகனைப் பறிகொடுத்தவர். ஈராக் கிண்ணத்தை வெல்லும்வரை அவனை அடக்கம் செய்யமாட்டேன் என்றார். நான்கு நாள் கழித்து ஜகார்த்தாவில் சவுதி அரேபியாவுக்கு எதிரான இறுதிப்போட்டியில் கையில் கறுப்புப் பட்டியோடு இறங்கினார்கள். குர்தியரான ஹவார் முல்லா முகமது மூலையிலிருந்து உதைத்த பந்தை அணித் தலைவர் யூனிஸ் மஹ்மூத் தலையால் தள்ளினார். 1-0.

எங்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. அந்த வருடம் கொழும்பில் நானும் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் இரண்டு தரம் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறிக்கொண்டிருந்தவன். அன்று யூனிஸ் கோல் அடித்தபோது எங்கள் வீட்டில் அம்மா சொன்னது ஒன்றுதான்: “அந்தத் தாய் இனிப் பிள்ளையை அடக்கம் செய்யலாம்.” உதைபந்தாட்ட விதி ஒன்றுமே தெரியாதவர் அம்மா. அந்த ஆட்டத்தை அவரைவிடச் சரியாக விளங்கிக்கொண்டவரை நான் பார்க்கவில்லை.

இந்தக் கதையைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கொலம்பியா வீரர் எஸ்கோபாரின் கதையும் அப்படியா?

ஆம். 1994 உலகக் கிண்ணத்தில் தவறுதலாகச் சொந்த வலைக்குள் பந்தைத் தள்ளிய அந்த்ரெஸ் எஸ்கோபார், நாடு திரும்பியதும் ஜூலை 2ஆம் திகதி மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரிய பிள்ளைகள் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். சின்னவர்களுக்கு வேண்டாம். சொந்த வலைக்குள் பந்து போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு பிள்ளையும் ஆடக்கூடாது.

மகளுக்குக் காட்ட, பெண்கள் ஆடிய ஆட்டம் எது?

2011 பெண்கள் உலகக் கிண்ணம், ஜப்பான். அந்த வருடம் மார்ச் 11ஆம் திகதி ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையோரத்துக்குச் செய்ததைக் கண்ட எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. நான்கு மாதம்கூட ஆகாமல் அணி ஜெர்மனியில் இறங்கியது. காலிறுதியில், போட்டியை நடத்தும் நாடான ஜெர்மனியைச் சந்திக்க முன்னர், பயிற்றுவிப்பாளர் சசாக்கி வீராங்கனைகளுக்கு அழிந்துபோன ஊர்களின் படங்களைக் காட்டினார். மேலதிக நேரத்தில் வென்ற கோலை அடித்தவர் கரினா மருயாமா. அவர் முன்பு புகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர்.

இறுதிப்போட்டியில் அமெரிக்கா இரண்டு தரம் முந்தியது, ஜப்பான் இரண்டு தரமும் எட்டிப் பிடித்தது. இரண்டாவது, 117ஆவது நிமிடத்தில் அணித் தலைவி ஹொமாரே சாவா மூலை உதையைப் புறக்காலால் திருப்பிய கோல். எங்கள் மகள்மார் அதைச் செய்து பார்க்கப் போய்ச் சுவரில் பந்தடித்து, கீழ்வீட்டு அன்ரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். பெனல்டியில் 3-1 என்று ஜப்பான் வென்றது. கவனித்துப் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு: எல்லோரும் ஒரு பக்கம் ஓட, அயா மியாமா மட்டும் தோற்ற அமெரிக்கர்களிடம் போகிறார். முதலில் அவர்களை அணைத்துவிட்டுத்தான் தன் தோழிகளிடம் வருகிறார்.

இன்னொன்று, 2023. சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்பெயினின் ஒரே கோலை அடித்து நாட்டுக்கு உலகக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தவர் ஒல்கா கர்மோனா. கோல் அடித்ததும் மேற்சட்டையைத் தூக்கி, உள்ளே எழுதியிருந்த பெயரைக் காட்டினார். தோழி ஒருத்தியின் இறந்துபோன தாயின் பெயர். ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருடைய சொந்தத் தகப்பனும் காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் சொன்னார்கள். வீட்டார் இறுதிப்போட்டி முடியும்வரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். அப்படி மறைத்தது சரியா பிழையா என்று எங்கள் கீழ்த்தளத்தில் தாய்மார் நள்ளிரவு வரை வாதாடினார்கள். நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

என் மகன் பெனல்டியைத் தவறவிட்டான், அதற்குப் பிறகு விளையாட வரமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை.

1994 உலகக் கிண்ண இறுதிப்போட்டி கொழும்பு நேரப்படி இரவு ஒரு மணிக்குத் தொடங்கியது. எனக்குப் பத்து வயது. அப்பா எழுப்பிப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே பாயில் இருந்து, தூக்கத்தோடு போராடிப் பார்த்தேன். இத்தாலியை அவ்வளவு தூரம் கொண்டுவந்தவர் ரொபேர்டோ பாஜியோ. நைஜீரியாவுக்கு இரண்டு, ஸ்பெயினுக்கு ஒன்று, பல்கேரியாவுக்கு இரண்டு என்று ஐந்து கோல் அவருடையது. கடைசிப் பெனல்டியை அவர் கம்பத்துக்கு மேலால் அடித்தார். அறையில் இருந்தவர்களெல்லாம் பிரேசில்காரர் ஓடுவதைப் பார்த்துக் கத்தினார்கள், நானும் கத்தினேன். அப்பா என் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பி, “அவரைப் பார்” என்றார். பாஜியோ இடுப்பில் கை வைத்து, தலையைக் குனிந்து, அதே இடத்தில் நின்றார். அவருக்கு முன் பரேசியும் மசாரோவும்கூடத் தவறவிட்டிருந்தார்கள். அது ஒருவருக்கும் நினைவில் இல்லை.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் காட்டச் சொல்வது பாஜியோவை இல்லை, அசமோவா ஜியானை. 2010 காலிறுதி, கானாவும் உருகுவேயும். மேலதிக நேரத்தின் கடைசிக் கணம், கோலுக்குள் போகும் பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கோட்டில் நின்று கையால் தடுத்தார். பெனல்டி. அடித்தால் உலகக் கிண்ண அரையிறுதிக்குப் போகும் முதல் ஆபிரிக்க நாடு கானா. ஜியான் அடித்தார், பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். சில நிமிடத்தில் பெனல்டி உதைகள் தொடங்கியபோது கானாவின் முதல் உதைக்குப் பந்தை எடுத்து வைத்தவர் அதே ஜியான். அடித்தார், கோல். கானா கடைசியில் தோற்றது, அவர் தேற்ற முடியாமல் அழுதார். ஆனாலும் அந்தப் பந்தை அவர் போய் எடுத்தார்.

எங்கள் பெடியன் ஒருவன் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் தவறவிட்டு, கோல் வலைக்குப் பின்னால் போய்ச் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இருந்தான். ஜியானைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பெனல்டி பழகும்போது தள்ளி நின்றான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். நான் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் தானே வந்து பந்தை வைத்து அடித்தான். கோல்காப்பாளர் பிடித்துவிட்டான். அவன் போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றான்.

மெஸ்ஸியைக் காட்டுவதில்லையா?

பிள்ளைகள் கட்டாரில் அவர் கிண்ணம் தூக்கியதை என்னைவிட அதிகம் பார்த்திருப்பார்கள். நான் போடுவது 2021 கோபா அமெரிக்கா இறுதி, மரக்கானா, ஆர்ஜென்டினா 1 பிரேசில் 0. கடைசி ஊதல் கேட்டதும் அவர் முழந்தாளில் விழ, தோழர்கள் எல்லோரும் கோல் அடித்த டி மரியாவை விட்டுவிட்டு அவரிடம் ஓடுவார்கள். 2016இல் பெனல்டியைத் தவறவிட்டு இனி நாட்டுக்காக ஆடமாட்டேன் என்று சொன்னவர் அவர். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் தோழர்கள் யாருக்காக ஆடினார்கள் என்று விளங்கும்.

அம்மாவோடு திடலில் நடனம் ஆடியவர் யார்?

மொரொக்கோவின் சோஃபியான் பூஃபால், 2022 உலகக் கிண்ணத்தில் போர்த்துக்கலை வென்ற பிறகு. ஜியான் தவறவிட்ட அரையிறுதியை ஆபிரிக்கா கடைசியில் எட்டிய நாள் அது. இதைப் போடும்போது அம்மம்மாமாரையும் கூட்டி வாருங்கள்.

எங்கள் நாட்டுக்கு இப்படி ஒரு நாள் உண்டா?

உண்டு. 1995இல் தென்னாசியச் சுற்றுப்போட்டி கொழும்பில் நடந்தது. சுகததாச அரங்கில் இறுதிப்போட்டி, இந்தியாவுக்கு எதிராக. தங்க கோல் என்ற விதி அப்போது இருந்தது: மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும். அந்த ஒரு கோலை இலங்கை அடித்தது. எங்கள் வீட்டிலிருந்து அரங்கு நடந்து போகும் தூரம். உள்ளே போகக் காசில்லாத நாங்கள் மொட்டைமாடியில் நின்று ஆரவாரத்தைக் கேட்டுத்தான் கோல் என்று அறிந்தோம். கீழே தெருவில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சோர்வான வருடங்கள் வெகு அதிகம். 2023இல் பிஃபா இலங்கையை இடைநிறுத்தியதால் பல மாதங்கள் சர்வதேச ஆட்டமே இல்லை. அதனால்தான் 2024 செப்டெம்பரில் கம்போடியாவை ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் பெனல்டியில் வென்றது எனக்குப் பெரிய விஷயம். ரேஸ்கோர்ஸில் முதல் ஆட்டம் கோலின்றி முடிய, புனோம் பென்னில் 2-2, பிறகு பெனல்டி. அந்த இரவு எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசி ஒன்றைச் சுற்றி ஒன்பது பேர் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். நடுக்கோட்டில் தோள்மேல் கைபோட்டு நின்ற எங்கள் வீரர்களைப் பார்த்து அவர்களும் அப்படியே நின்றார்கள்.

பாடசாலை நாளில் நள்ளிரவு ஆட்டத்துக்கு எழுப்பலாமா?

இறுதிப்போட்டிக்கு எழுப்புங்கள். மற்றவற்றுக்கு வேண்டாம்.

அடுத்த காட்சி என்ன? எதைக் கொண்டு வர வேண்டும்?

1992 ஐரோப்பியக் கிண்ண இறுதி. யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட டென்மார்க், ஜெர்மனிக்கு எதிராக. இரண்டாவது கோலை அடிக்கும் கிம் வில்ஃபோர்ட்டைப் பாருங்கள். அவருடைய சின்ன மகளுக்கு இரத்தப் புற்றுநோய். சுற்றுப்போட்டியின் நடுவில் அணியை விட்டு மகளிடம் போய், திரும்பி வந்து, அந்தக் கோலை அடித்தார். அந்தக் கோடையிலேயே மகள் இறந்துபோனாள். இதை நான் பிள்ளைகளுக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்வேன், நீங்களும் அதுவரை சொல்ல வேண்டாம்.

மாலை ஆறரைக்குக் கட்டத் தொடங்குவோம். பாய் ஒன்றும், தலையணை ஒன்றும், பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள். பிளேன் டீ நாங்கள் ஊற்றுவோம். நடக்கக் கஷ்டப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். பெரிய பெடியள் கதிரையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள்.